முதல்ல சோறு, அப்புறம்தான் உரிமையா?

கேள்வி: காலநிலை மாற்றம், போர்னு உலகமே அல்லாடிட்டு இருக்கு. இந்த நேரத்துல குழந்தைகள் உரிமைன்னு மாநாடு போட்டு பேசுறதுல என்ன பிரயோஜனம்? முதல்ல சோறு, தண்ணி, தங்க ஒரு இடம், சண்டை நிக்கணும். உரிமையை அப்புறம் பாத்துக்கலாமே. பள்ளிக்கூடத்து பசங்க அரசாங்கத்து மேல கேஸ் போடுறதும் பெரியவங்க பின்னாடி நின்னு ஆட்டி வைக்கிறதுதானே? (வாசகர், கடலூர்)

பதில்: கடலூர்ல இருந்து இந்தக் கேள்வி வந்திருக்கேன்னுதான் எனக்கு ஆதங்கம். 2004 சுனாமி, 2011 தானே புயல் ரெண்டையும் பாத்த ஊர் உங்களது. புயல் போனப்புறம் ஒரு வீட்டுல என்ன நடக்கும்னு உங்களுக்கு நான் பாடம் எடுக்க வேண்டியதில்ல. ஆனா அந்த வீட்டுல இருக்கற குழந்தைக்கு என்ன நடக்குதுன்னு நாம சரியா பாக்கறதே இல்ல.

2018 நவம்பர்ல கஜா வந்துச்சு. டெல்டாவுல தென்னை எல்லாம் வேரோட சாஞ்சு, ஓலை வீடு பறந்து, கூலி வேலையும் இல்லாம ஜனங்க ரோட்டுல நின்னாங்க. கொஞ்ச நாள்லயே ஒரு செய்தி வந்துச்சு, தஞ்சாவூர் மாவட்டத்துல புயல்ல எல்லாம் போன ஒரு குடும்பம் அவங்க சின்னப் பையனை நாகப்பட்டினம் பக்கம் ஆடு மேய்க்க 36,000 ரூபாய்க்கு விட்டுட்டாங்க, அதிகாரிங்க போய் மீட்டாங்கன்னு. இப்ப உங்க கணக்குப்படி பாருங்க, அந்தப் பையனுக்கு ஆட்டுக்காரர் சோறு போட்டிருப்பார், படுக்க ஒரு இடமும் இருந்திருக்கும், அப்பா அம்மா கையில காசும் வந்தாச்சு, எல்லாம் சரியாயிடுச்சா? பள்ளிக்கூடம் போச்சு. ராத்திரி கிடையில தனியா படுத்திருக்கறப்ப யாராவது கை வச்சா ஓடிப்போய் சொல்ல ஒரு ஆள் கிடையாது. கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம்னு 1976ல ஒண்ணு வந்திருக்கறதாலதான் அதிகாரிங்க போய் பையனை விடுன்னு கேக்க முடியுது. அது இல்லன்னா இது அப்பாவுக்கும் ஆட்டுக்காரருக்கும் நடுவுல நடந்த கொடுக்கல் வாங்கல், வெளியாளுக்கு அங்க வேலையே இல்லன்னு முடிஞ்சிருக்கும். உரிமைன்னு நாங்க கத்துறது இதுக்குத்தாங்க.

பாகிஸ்தான்ல 2022 வெள்ளத்தையும் எடுத்துக்கோங்க. 3 கோடியே 30 லட்சம் பேரை பாதிச்ச வெள்ளம் அது, சிந்து மாகாணத்துல மாசக்கணக்குல தண்ணி வடியவே இல்ல. உலகத்தை சூடாக்குற வாயுக்கள்ல பாகிஸ்தானோட பங்கு 1 சதவீதத்துக்கும் கீழதான், அந்தக் கொடுமை ஒரு பக்கம். அங்க வயல் மூழ்கி கடன் ஏறுனதும் 13, 14 வயசு பொண்ணுங்களை பணம் வாங்கிட்டு கட்டிக் கொடுக்க ஆரம்பிச்சாங்க, மழைக்கால மணப்பொண்ணுங்கன்னே அவங்களுக்கு ஒரு பேரு வந்துடுச்சு. சிந்துல 2014ல இருந்தே 18 வயசுக்கு கீழ கல்யாணம் பண்ணி வைக்கிறது குற்றம். சட்டம் இருக்கு, ஆனா வெள்ளம் வந்தப்ப அதை கையில எடுத்துட்டு அந்த கிராமத்துக்குள்ள போக ஆள் இல்ல. அந்தப் பொண்ணுகிட்ட போய் உனக்கு நடந்தது காலநிலை மாற்றமா, இல்ல கொடுமையான்னு கேட்டா அவ என்ன பதில் சொல்லுவா? ரெண்டும் அவளுக்கு ஒரே வாரத்துல ஒண்ணா சேந்துதான் வந்துச்சு. வெள்ளத்தை ஒரு துறை, பள்ளிக்கூடத்தை ஒரு துறை, குழந்தை கல்யாணத்தை இன்னொரு துறைன்னு பிரிச்சு வச்சிருக்கறது நாமதான்.

இன்னொண்ணு, குழந்தை உரிமைங்கற பேச்சு ஆரம்பிச்சதே சோத்துல இருந்துதான். முதல் உலகப் போர் 1918லயே நின்னுடுச்சு, ஆனா ஜெயிச்ச நாடுங்க தோத்த நாடுங்களுக்கு சாப்பாடு போகாம கடல் வழியை அடைச்சதை உடனே எடுக்கல. தோத்துப் போன ஆஸ்திரியாவோட தலைநகர் வியன்னாவுல குழந்தைங்க எலும்பும் தோலுமா ஆனாங்க. எக்லன்டைன் ஜெப்னு ஒரு அம்மா 1919ல அந்தக் குழந்தைங்க படம் போட்ட நோட்டீஸை லண்டன் டிரஃபால்கர் சதுக்கத்துல நின்னு கொடுத்தாங்க, எதிரி நாட்டு குழந்தைக்காக சொந்த நாட்டு அரசாங்கத்தை கேள்வி கேட்டாங்க. கைது, கேஸ், 5 பவுண்டு அபராதம். அவங்களுக்கு எதிரா வாதாடின அரசு வக்கீலே அந்த 5 பவுண்டை தன் கையில இருந்து கொடுத்தார்னு சொல்றாங்க. அதே வருஷம்தான் சேவ் த சில்ட்ரன் அமைப்பு வந்துச்சு. அவங்க எழுதின அஞ்சே அஞ்சு வரி பிரகடனத்தை 1924ல, ஐ.நா.வுக்கு முன்னாடி இருந்த சர்வதேச சங்கம் ஏத்துக்கிச்சு. அதுல ஒரு வரி, ஆபத்து காலத்துல உதவி முதல்ல குழந்தைக்குத்தான் போகணும்னு. முதல்ல சோறுன்னு நீங்க சொல்றீங்க, சரி, அந்த சோறு முதல்ல யார் தட்டுல விழணும்னு 1924லயே எழுதி வச்சதுதான் குழந்தை உரிமை. 1989 நவம்பர் 20ல ஐ.நா. கொண்டு வந்த உடன்படிக்கை அதுல இருந்து வளந்து வந்ததுதான், இன்னைக்கு 196 தரப்பு அதுல சேந்திருக்கு, இந்தியா 1992ல சேந்துச்சு. அமெரிக்கா கையெழுத்து போட்டதோட நிக்குது, இன்னும் ஏத்துக்கல.

சண்டை நிக்கட்டும் அப்புறம் பாக்கலாம்னா, நிக்கற வரைக்கும் குழந்தை வளராம இருக்குமா? அஞ்சு வயசுல போட வேண்டிய தடுப்பூசியை பதினஞ்சு வயசுல போட்டு என்ன பண்றது? எல் சால்வடார்ல உள்நாட்டுப் போர் உச்சத்துல இருந்தப்ப, 1985ல, குழந்தைங்களுக்கு தடுப்பூசி போடறதுக்காக மூணு நாள் ராணுவமும் கொரில்லாக்களும் துப்பாக்கியை கீழ வச்சாங்க, மூணும் சேந்தாப்ல இல்ல, தனித்தனியா மூணு நாள். யுனிசெஃப்பும் சர்ச்சும் ரெண்டு பக்கமும் நடையா நடந்து பேசி வாங்கினது அது. போர் முடியற வரைக்கும் வருஷா வருஷம் நடந்துச்சு. காசாவுல 2024 செப்டம்பர்ல போலியோ சொட்டு மருந்துக்காக இடம் இடமா சில மணி நேரம் சண்டையை நிறுத்தி முதல் சுத்துலயே 5 லட்சத்துக்கும் மேல குழந்தைங்களுக்கு கொடுத்தாங்க. அதே குழந்தைங்க மேலதான் அப்புறமும் குண்டு விழுந்துச்சு, அதை மறக்கல, மறக்கவும் முடியாது. ஆனா கேட்டதாலதான் அந்த சில மணி நேரமாவது கிடைச்சுது, யாரும் வாயே திறக்கலன்னா அதுவும் கிடைச்சிருக்காது. 2024ல மட்டும் போர் நடக்கற இடங்கள்ல குழந்தைங்களுக்கு எதிரா நடந்த கடுமையான மீறல்னு ஐ.நா. சரிபாத்து எழுதினது 41,370. இப்படி ஒருத்தர் உக்காந்து எழுதி வைக்கலன்னா நாளைக்கு எதுவுமே நடக்கலன்னு சொல்லிட்டு போயிடுவாங்க.

இதுல நமக்கும் ஒரு பரீட்சை இருக்கு. ஈழத்துல 2006 ஆகஸ்ட் 14ல செஞ்சோலைங்கற ஆதரவற்ற பொண்ணுங்க இல்லத்து வளாகத்து மேல இலங்கை விமானப்படை குண்டு போட்டு பொண்ணுங்க செத்ததை பேசினா ஒரு கூட்டத்துக்கு கோவம் வருது. புலிகளும் அவங்ககிட்ட இருந்து பிரிஞ்ச கருணா குழுவும் பிள்ளைங்களை படையில சேத்ததை, யுனிசெஃப் ஆயிரக்கணக்குல பதிவு பண்ணினதை பேசினா இன்னொரு கூட்டத்துக்கு கோவம் வருது. குழந்தை பக்கம் நிக்கறவன் ரெண்டையும் ஒரே வாயால சொல்லணும். யாரோட குழந்தை, எந்தக் கொடி புடிச்சவன் வீட்டு குழந்தைன்னு பாத்து வாய் திறக்கறவங்க குழந்தைக்காக பேசல, கட்சிக்காக பேசறாங்க.

அடுத்து, பசங்க கேஸ் போடறது. பெரியவங்க பின்னாடி இருக்காங்களான்னா ஆமா இருக்காங்க, மைனர் வக்காலத்துல கையெழுத்து போட முடியாது, அவங்க சார்பா பெரியவங்க யாராவது நின்னுதான் ஆகணும். அதுனால அந்த வலி பொய்யாயிடுமா? உத்தராகண்ட் பொண்ணு ரிதிமா பாண்டே காலநிலை மாற்றத்துக்கு அரசு ஒண்ணும் செய்யலன்னு 2017ல 9 வயசுல பசுமைத் தீர்ப்பாயத்துக்கு போனா, 2013ல அந்த மாநிலத்தையே வெள்ளம் அடிச்சுட்டு போனதை பாத்து வளந்த பொண்ணு. தீர்ப்பாயம் தள்ளுபடி பண்ணிடுச்சு. 2019ல அவளும் சுவீடன் பொண்ணு கிரெட்டா துன்பர்க்கும் இன்னும் சில நாட்டு பசங்களும் மொத்தம் 16 பேர் ஐ.நா. குழந்தை உரிமைக் குழுகிட்ட அஞ்சு நாடுங்க மேல புகார் கொடுத்தாங்க, முதல்ல அந்தந்த நாட்டு கோர்ட்டுக்கு போங்கன்னு 2021ல அதையும் திருப்பி அனுப்பிட்டாங்க. ஆனா ஒரு நாட்டுல விடற புகைக்கு எல்லை தாண்டி இருக்கற குழந்தைக்கும் அந்த நாடு பொறுப்பாகலாம்னு அந்தக் குழு அப்பதான் சொல்லிச்சு. அமெரிக்காவுல மொன்டானா மாநிலத்துல 16 இளசுங்க காலநிலைக்காக போட்ட கேஸ்ல 2023ல ஜெயிச்சாங்க, 2024 டிசம்பர்ல அந்த மாநில உச்ச நீதிமன்றமும் அதை உறுதி பண்ணிடுச்சு. தோத்தது ரெண்டு, ஜெயிச்சது ஒண்ணுன்னே வச்சுக்கோங்க, ஓட்டு போட முடியாத வயசுல அவங்களுக்கு வேற எந்தக் கதவு இருக்கு? தனக்கு சம்பந்தப்பட்ட விஷயத்துல குழந்தை பேசறதை கேட்டே ஆகணும்னு உடன்படிக்கையோட 12வது பிரிவு சொல்லுது. நாம வீட்டுலயே கேக்கறதில்ல.

வீட்டுல கேக்காததோட விளைவு சாதாரணமில்ல. 2007ல மத்திய அரசே 13 மாநிலத்துல 12,447 குழந்தைங்ககிட்ட விசாரிச்சப்ப பாதிக்கும் மேல, 53 சதவீதம் பேர், ஏதோ ஒரு விதத்துல பாலியல் தொல்லையை சந்திச்சதா சொன்னாங்க. செஞ்சவங்கள்ல பாதி பேர் தெரிஞ்ச ஆளுங்க. அப்புறம்தான் 2012ல குழந்தைங்களை பாலியல் குற்றத்துல இருந்து காக்கற போக்சோ சட்டம் வந்துச்சு. குழந்தை இருக்கற இடத்துக்கே போலீஸ் காக்கிச் சட்டை இல்லாம வந்து வாக்குமூலம் வாங்கணும், எதிர்தரப்பு வக்கீல் குழந்தையை நேரா குறுக்கு விசாரணை பண்ணக்கூடாது, நீதிபதி மூலமாத்தான் கேக்கணும், தெரிஞ்சும் புகார் கொடுக்காம மறைச்சா ஆறு மாசம் வரைக்கும் ஜெயில்னு இருக்கு. ஊர் பேரு கெட்டுடும்னு பஞ்சாயத்து பேசி முடிக்கிற பெரிய மனுஷங்களும் இதுல மாட்டுவாங்க, இது நிறைய பேருக்கு தெரியாது.

உங்ககிட்ட ஒண்ணு கேக்கறேன். அக்டோபர் 2, நவம்பர் 1, வடகிழக்கு பருவமழை இறங்கற நேரத்துலயே ரெண்டு கிராம சபை வருது. உங்க பக்கத்து ஊர் கிராம சபைக்கு போய் எழுந்து நின்னு கேளுங்க. புயல் வந்தா எந்தப் பள்ளிக்கூடத்துல ஜனங்களை தங்க வைப்பீங்க, அங்க பொம்பளைப் புள்ளைங்களுக்கு தனி கக்கூஸ், ராத்திரி லைட்டு இருக்கா, அந்தப் பள்ளிக்கூடத்தை திரும்ப எத்தனை நாள்ல திறப்பீங்க, திறந்தப்புறம் வராத பசங்க பேரை யாரு எடுத்து வீடு வீடா போய் பாக்கறது? கிராம அளவுல குழந்தைகள் பாதுகாப்புக் குழுன்னு ஒண்ணு பஞ்சாயத்து தலைவரை வச்சே இருக்கணும், அது கடைசியா எப்ப கூடுச்சுன்னு மினிட்ஸ் புக்கை எடுக்கச் சொல்லுங்க. ஊர்ல எந்தப் புள்ளையாவது முன்பணத்துக்கு ஆடு, வாத்து மேய்க்க போயிருக்குன்னு காதுல விழுந்தா கிராம சபை வரைக்கும்கூட காத்திருக்காதீங்க, 1098க்கு அன்னைக்கே போன் பண்ணுங்க. அவங்க என்ன பதில் சொன்னாங்கன்னு எழுதுங்க, இதே பக்கத்துல போடறேன்.