பண்டிகை சீசன், வீட்டுல ரெண்டே பேர்: உங்க கேள்வியும் என் பதிலும்

பண்டிகை நெருங்க நெருங்க கேள்வியும் குவிய ஆரம்பிச்சிடுது. இந்த தடவை வந்ததுல பாதி, புருஷன் பொண்டாட்டியா சேந்து வீட்டுலயே தொழில் பண்றவங்ககிட்டேருந்துதான். என்ன பொருள் விக்கிறீங்கன்னே சொல்லாம "எங்களுக்கு என்ன அட்வைஸ்"னு மட்டும் எழுதினவங்கள ஓரமா வெச்சிட்டேன், கோச்சுக்காதீங்க.

கே: பண்டிகைக்கு எவ்ளோ நாள் முன்னாடி வேலைய ஆரம்பிக்கணும் மேடம்?

பின்னாடியிருந்து எண்ணுங்க. பண்டிகை நாள்லேருந்து கூரியர் எடுத்துக்குற நாள், சீசன் நெரிசலுக்கு இன்னும் மூணு நாலு நாள், நீங்க செய்யுற நாள், மெட்டீரியல் வந்து சேர்ற நாள், எல்லாத்தையும் கழிச்சா வர்ற தேதிதான் உங்க தேதி. நிறைய பேருக்கு ஆறு வாரத்துகிட்ட வரும். ஆர்டர் எடுக்குற கடைசி தேதியையும் இன்னிக்கே முடிவு பண்ணி எல்லார் கண்ணுலயும் படுற மாதிரி போட்டுடுங்க.

கே: நாங்க ரெண்டு பேர்தான். எத்தனை ஆர்டர் வரைக்கும் ஒத்துக்கலாம்?

ஒரு பீஸுக்கு எவ்ளோ நேரம் ஆகுதுன்னு எழுதலையே, நான் என்ன ஜோசியமா பாக்க முடியும்? சரி, கணக்கு போடுற விதத்த சொல்றேன். செய்யுறது, பேக் பண்றது, மெசேஜுக்கு பதில் சொல்றது எல்லாம் சேத்து ஒரு ஆர்டருக்கு 40 நிமிஷம்னு வைங்க, தலைக்கு 6 மணி நேரம் உக்காந்தா ரெண்டு பேருக்கும் 720 நிமிஷம், அதாவது 18 ஆர்டர். அதுல மூணுல ஒரு பங்க கழிச்சிடுங்க, ஏன்னா கரண்ட் போகும், குழந்தைக்கு ஜுரம் வரும், டேப் தீந்துடும். ஆக ஒரு நாளைக்கு 12. பதிமூணாவது ஆள் எவ்ளோ நெருங்கின சொந்தமா இருந்தாலும் அடுத்த நாள் லிஸ்ட்லதான்.

கே: எல்லாரும் 20 பர்சன்ட் தள்ளுபடி போடுறாங்க, நாமளும் போடலன்னா கஸ்டமர் போயிடுவாங்கன்னு வீட்டுக்காரர் சொல்றாரு. போடலாமா?

வருஷா வருஷம் இந்த கேள்வி வருது, நானும் வருஷா வருஷம் கத்துறேன். 100க்கு விக்கிற பொருளுக்கு அடக்கம் 70ன்னா கையில நிக்கிறது 30. 20 பர்சன்ட் குறைச்சீங்கன்னா 80க்கு விக்கிறீங்க, அடக்கம் அதே 70தான், கையில நிக்கிறது 10. பழைய லாபம் வேணும்னா மூணு மடங்கு விக்கணும். மேல சொன்ன 12 ஆர்டர் 36 ஆகணும், அதே நாலு கையால, அதே 6 மணி நேரத்துல. முடியுமான்னு உங்க வீட்டுக்காரர்கிட்டயே கேளுங்க.

பெரிய கடைக்காரங்க தள்ளுபடி போடுறாங்கன்னா அவங்களுக்கு குடோன்ல சரக்கு கிடக்குது, அத காலி பண்ணியாகணும், மொத்தமா வாங்குறதால அடக்கமும் கம்மி. உங்ககிட்ட காலி பண்ண என்ன இருக்கு? உங்க நேரம்தான், அதுவும் இந்த மாசம் தானாவே நிறைஞ்சிடும். ஜனங்க எப்படியும் வாங்கப்போற நேரத்துல விலைய குறைக்கிறதுல என்ன புத்திசாலித்தனம்னு எனக்கு புரியல. இன்னொண்ணு, அந்த 70ல உங்க ரெண்டு பேர் கூலியும் இருக்கா? பெரும்பாலும் இருக்காது, "வீட்டு வேலைதானே"ன்னு விட்டிருப்பீங்க. அதையும் சேத்து பாத்தா சில பேர் தள்ளுபடில விக்கிறப்ப வாங்குறவங்களுக்கு கைக்காசு குடுத்து அனுப்பிட்டிருக்காங்கன்னுதான் அர்த்தம். போன மாசம் முழு விலைக்கு வாங்கினவங்களும் பாத்துட்டுதான் இருப்பாங்க, பண்டிகை முடிஞ்சப்புறம் பழைய விலைய சொன்னா ஒருத்தரும் ஒத்துக்க மாட்டாங்க.

ஏதாவது குடுத்தே ஆகணும்னா நாலு வாரம் முன்னாடியே ஆர்டர் போட்டு பணமும் கட்டுறவங்களுக்கு மட்டும் 5 பர்சன்ட் குடுங்க. அதுல உங்களுக்கும் லாபம் இருக்கு, கடைசி வார நெரிசல் குறையும். கடைசி தேதிக்கு அப்புறம் வர்றவங்களுக்கு தள்ளுபடியும் கிடையாது, ஆர்டரும் கிடையாது.

கே: பணம் கட்டிட்டேன்னு ஸ்க்ரீன்ஷாட் அனுப்பினாங்க, நாங்களும் பார்சல அனுப்பிட்டோம். பணம் வரவே இல்ல.

படத்த பாத்து பொருள அனுப்பாதீங்கன்னு எத்தனை தடவைதான் சொல்றது. அக்கவுண்ட்ட திறந்து பாருங்க, வந்திருந்தா அனுப்புங்க. உங்க பார்சல் இன்னும் வழியில இருந்தா கூரியர்கிட்ட பேசி திருப்பி வரவழைக்க பாருங்க, இப்பவே, இத படிச்சு முடிக்கிறதுக்கு முன்னாடி.

கே: பார்சல் ஒரு கிலோ கூட இல்ல, கூரியர்ல 5 கிலோவுக்கு மேல பில் போட்டுட்டாங்க. ஏமாத்துறாங்களா?

இல்லீங்க, பெட்டி பெருசு. நீளம், அகலம், உயரம் மூணையும் சென்டிமீட்டர்ல பெருக்கி பெரும்பாலும் 5000ஆல வகுப்பாங்க, அதுல வர்ற எடை நிஜ எடைய விட ஜாஸ்தின்னா அதுக்குதான் காசு. 30க்கு 30க்கு 30 பெட்டின்னா 5.4 கிலோ. உள்ள காத்துதான் இருக்குன்னாலும் அதேதான். பொருளுக்கு ஏத்த பெட்டி வாங்குங்க, பண்டிகை பேரும் வருஷமும் அச்சடிச்ச பெட்டி வேணாம், மிஞ்சினா அடுத்த வருஷம் குப்பை. சாதா பெட்டி மேல ஒரு ஸ்டிக்கர் போதும்.

கே: சீசன் வந்தாலே எங்களுக்குள்ள சண்டை. கடைசி பீஸ அவர் ஒருத்தருக்கு, நான் ஒருத்தருக்குன்னு சொல்லிட்டோம்.

ரெண்டு போன்ல ஆர்டர் எடுத்தா அப்படித்தான் ஆகும். கஸ்டமர்கிட்ட ஒருத்தர் மட்டும் பேசுங்க, இன்னொருத்தர் செய்யுறது, பேக்கிங், அவ்ளோதான். ஆர்டர் எழுதுறது ஒரே நோட்டு இல்ல ஒரே ஷீட். அதுல ஏறாதது ஆர்டரே இல்ல.

கே: ஹால் முழுக்க அட்டைப்பெட்டி, சொந்தக்காரங்க வேற வர்றாங்க, எங்க அலங்காரம் பண்றது?

வேலைய ஒரு ரூமுக்குள்ள அடக்குங்க, மிச்ச வீட்ட ஜோடிங்க. பெட்டி, பபிள் ராப் இருக்குற பக்கம் மெழுகுவத்தி, விளக்கு எதுவும் கூடாது. க்ளூ கன், சீலிங் மெஷின், அலங்கார லைட்டு எல்லாத்தையும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டுல சொருகாதீங்க, போர்டுலேருந்து இன்னொரு போர்டும் வேணாம். லைட்டு எல்இடியா வாங்குங்க, சூடும் கம்மி, கரண்டும் கம்மி.

கே: பண்டிகை அன்னிக்கும் மெசேஜ் வந்துட்டே இருக்கு. நாங்க எப்பதான் கொண்டாடுறது?

வாட்ஸப் பிசினஸ்ல அவே மெசேஜ்னு ஒண்ணு இருக்கு, எந்த தேதிலேருந்து எந்த தேதி வரைன்னு குடுத்துட்டா அதுவே பதில் சொல்லிடும். "லீவுல இருக்கோம், இந்த தேதிக்கு அப்புறம் பேசுறோம்"னு நேரா எழுதுங்க, "தாமதத்துக்கு வருந்துகிறோம்" எல்லாம் எதுக்கு? அப்புறம் போன அலமாரில போடுங்க. ஊருக்கெல்லாம் செஞ்சு குடுக்குறீங்களே, உங்க வீட்டுக்குன்னு ஒரு பீஸ் செஞ்சீங்களா? லிஸ்ட்ல மொத ஆர்டரா உங்க பேர எழுதிடுங்க, கடைசி தேதிக்கு அப்புறம் பாத்துக்கலாம்னா நடக்காது. பசங்களுக்கும் வேலை வேணும்னா நன்றி கார்டுல படம் வரைய விடுங்க, நாள் பூரா டேப் ஒட்ட வைக்காதீங்க பாவம்.

கே: மனைவிக்கு பண்டிகை பரிசு வாங்கணும், பிசினஸ் கணக்குலேருந்து எடுக்கலாமா?

உங்க பங்கு பணத்த மொதல்ல உங்க சொந்த கணக்குக்கு மாத்துங்க, அதுலேருந்து வாங்குங்க. பிசினஸ் கார்டுல வாங்கினீங்கன்னா கணக்கு பாக்குறப்ப அவங்களுக்கு விலை தெரிஞ்சிடும், எங்க வாங்கினீங்கன்னும் தெரிஞ்சிடும்.