கேள்வி–பதில்: இளவரசரும் கேட்க வேண்டிய வாக்கு

கேள்வி: சுவிஸில் சென்ட் காலன் பக்கம் இருக்கும் அக்கா குடும்பம் லீக்டன்ஸ்டைன் போய்ப் பார்த்துவிட்டுப் படங்கள் அனுப்பியிருந்தார்கள். மலைச்சரிவில் ஒரு கோட்டை, அதில் இளவரசர் குடியிருக்கிறாராம். கீழே நகரத்தில் பாராளுமன்றம். அங்கே உண்மையில் ஆட்சி யாருடைய கையில் இருக்கிறது? (வெள்ளவத்தை வாசகி)

பதில்: இரண்டு பேருடைய கையிலும்தான். 1921இல் எழுதிய அவர்களின் அரசியலமைப்பே அரசதிகாரம் இளவரசரிடமும் மக்களிடமும் சேர்ந்து இருக்கிறது என்று சொல்கிறது, நடைமுறையும் அப்படியே. 25 பேர் கொண்ட பாராளுமன்றம், நான்கு வருடத்துக்கு ஒரு தேர்தல், தெற்கே மேல்நாட்டுக்கு 15 ஆசனம், வடக்கே கீழ்நாட்டுக்கு 10. பிரதமரோடு சேர்த்து அமைச்சரவையில் மொத்தமே ஐந்து பேர், அதிலும் இரண்டு பகுதிக்கும் குறைந்தது இரண்டு பேராவது இருக்க வேண்டும். பாராளுமன்றம் பெயர்களைச் சொல்லும், இளவரசர் நியமிப்பார். 2025 ஏப்ரலில் இருந்து பிரதமர் பிரிகிட்டே ஹாஸ், அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண்.

இதுவரை கேட்டால் இங்கிலாந்து மாதிரித்தானே என்று தோன்றும். இல்லை. பாராளுமன்றம் அனுப்பும் சட்டத்தில் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடுகிற ஆள் இல்லை இவர். ஆறு மாதத்துக்குள் இளவரசர் ஒப்புதல் தராவிட்டால் அந்தச் சட்டம் செத்துப்போனதுதான். பாராளுமன்றத்தைக் கலைக்கலாம், அவசரகால ஆணை பிறப்பிக்கலாம், நீதிபதிகளைத் தெரிவு செய்யும் குழுவுக்குத் தலைமையும் அவரே. இந்த அதிகாரங்களில் பலவற்றை 2003இல் ஒரு சர்வஜன வாக்கெடுப்பு மூலம்தான் ஹான்ஸ்-ஆடம் இளவரசர் உறுதிப்படுத்திக்கொண்டார். நீங்கள் மறுத்தால் நான் குடும்பத்தோடு வியன்னாவுக்குப் போய்விடுவேன் என்றே சொல்லிப் பார்த்தார், மக்களில் ஏறக்குறைய 64 வீதம் பேர் அவருடைய திட்டத்துக்கு ஆம் என்றார்கள். 2004 ஓகஸ்டில் இருந்து அன்றாட அரசுப் பொறுப்பை மூத்த மகன் அலோயிஸ் பார்க்கிறார், பட்டம் தந்தையிடம்தான் இருக்கிறது.

இதில் எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது அதே 2003 அரசியலமைப்புத் திருத்தத்தின் மறுபக்கம். 1,500 குடிமக்கள் கையெழுத்திட்டால் இளவரசர்மீது நம்பிக்கையில்லாப் பிரேரணை கொண்டுவரலாம், முடியாட்சியே வேண்டாம் என்றும் பிரேரணை கொண்டுவரலாம், அது நாடு முழுவதும் வாக்கெடுப்புக்குப் போகும். நாட்டில் உள்ள 11 உள்ளூராட்சிப் பிரிவுகளில் எதுவும் பிரிந்துபோக விரும்பினால் அதற்கும் அரசியலமைப்பிலேயே வழி எழுதி வைத்திருக்கிறார்கள். கொஞ்சம் நிதானமாக யோசித்துப் பாருங்கள், மொத்தம் 160 சதுர கிலோமீற்றர், கொழும்பு மாவட்டத்தில் நாலில் ஒரு பங்குகூட வராது, ஏறக்குறைய 40,000 சனம், அதற்குள் ஒரு ஊர் பிரிந்துபோகலாம் என்று சட்டம் இருக்கிறது! பிரிவது என்ற சொல்லை எடுத்தாலே என்ன நடக்கும் என்று கண்ட எங்களுக்கு இது சாதாரண விஷயம் இல்லை. அந்த உரிமையை இதுவரை எந்த ஊரும் பயன்படுத்தவில்லை என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

கேள்வி: அவ்வளவு அதிகாரம் இருந்தால் மக்கள் ஒருநாளும் எதிர்க்கவில்லையா? (மட்டக்குளி வாசகர்)

பதில்: எதிர்த்தார்கள். 2011இல் கருக்கலைப்பைக் குற்றமாக்கும் சட்டத்தைத் தளர்த்த வேண்டும் என்று ஒரு யோசனை வாக்கெடுப்புக்கு வரவிருந்தது. மக்கள் ஆம் என்றாலும் நான் ஒப்புதல் தரமாட்டேன் என்று அலோயிஸ் முன்கூட்டியே அறிவித்துவிட்டார். யோசனை சிறு வித்தியாசத்தில் தோற்றது. அப்புறம் ஒரு குழு கையெழுத்துச் சேர்த்து, வாக்கெடுப்பில் மக்கள் எடுத்த முடிவை இளவரசர் தடுக்க முடியாதபடி அரசியலமைப்பை மாற்றவேண்டும் என்று கேட்டது. 2012 யூலையில் வாக்கெடுப்பு, 76 வீதம் பேர் இளவரசரின் பக்கமே நின்றார்கள்.

என் கருத்து வேறு. பரம்பரையாக வந்த ஒருவர் வாக்குப்பெட்டிக்கு மேலே இருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை, வாக்கெடுப்புக்கு முன்பே முடிவைச் சொல்லிவிடுவது இன்னும் பிழை. ஆனாலும் அந்த மக்களிடம் கேட்டார்கள், அவர்கள் பதில் சொன்னார்கள். எங்கள் 1972 யாப்பையோ 1978 யாப்பையோ யாராவது எங்களிடம் வாக்குக் கேட்டா கொண்டுவந்தார்கள்?

கேள்வி: நீலமும் சிவப்பும் சேர்ந்த கொடி, மூலையில் ஒரு கிரீடம். கிரீடம் பிறகுதான் வந்தது என்கிறார்களே? (தெமட்டகொட மாணவர்)

பதில்: உண்மை. 1936 பெர்லின் ஒலிம்பிக்குக்குப் போன இடத்தில்தான் ஹைட்டியின் கொடியும் தங்கள் கொடியும் ஒன்றுபோல இருப்பதைக் கண்டார்கள். மேலே நீலம், கீழே சிவப்பு, இரண்டும் அதே. அடுத்த வருடமே, 1937இல், நீலப் பட்டையில் கம்பத்தோடு ஒட்டிய பக்கம் ஒரு தங்கக் கிரீடத்தைச் சேர்த்தார்கள். நீலம் வானம், சிவப்பு மாலைநேரத்தில் வீடுகளில் எரியும் அடுப்பு நெருப்பு, கிரீடம் மக்களும் அரச குடும்பமும் நாடும் ஒன்று என்பதற்கு அடையாளம் என்று விளக்கம் சொல்வார்கள். அக்கா அனுப்பியது மாதிரி உங்களுக்கும் யாராவது படம் அனுப்பினால் ஒன்றைக் கவனியுங்கள். கொடியை நெடுக்காகத் தொங்கவிட்டிருந்தால் கிரீடம் சரிந்து கிடக்காது, அதையும் திருப்பி நிமிர்ந்து நிற்கும்படி வரைந்திருப்பார்கள்.

கேள்வி: முத்திரை சேர்க்கிறேன். லீக்டன்ஸ்டைன் முத்திரைகளில் வரும் சின்னத்தில் கழுகு, கொம்பு என்று பலதும் இருக்கிறது. என்ன அர்த்தம்? (கொட்டாஞ்சேனை வாசகர்)

பதில்: அது நாட்டின் கதையைவிட அந்தக் குடும்பத்தின் கதை. 1912இல் இருந்து சொந்த முத்திரை வெளியிடுகிறார்கள், கையில் இருந்தால் ஒரு பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். நடுவில் மேலே பொன் நிறமும் கீழே சிவப்பும் உள்ள சின்னக் கேடயம்தான் லீக்டன்ஸ்டைன் குடும்பத்துச் சின்னம். சுற்றியிருப்பதெல்லாம் அவர்களுக்குத் திருமணத்தாலும் பதவியாலும் வந்த உறவுகள். பொன் நிறத்தில் கருங்கழுகு சிலேசியா, பொன்னும் கறுப்புமான பட்டைகளுக்குக் குறுக்கே பச்சை மாலை போட்டிருப்பது கியூன்ரிங் குடும்பம், வெள்ளையும் சிவப்புமாக இருப்பது டிரொப்பாவ், மனிதத் தலையோடு இருக்கும் கரும்பறவை கிழக்கு பிரீசியாவின் குடும்பம், அடியில் நீலத்தில் பொற்கொம்பு யெகெர்ன்டொர்வ். சிலேசியாவும் டிரொப்பாவும் இன்று போலந்து, செக் பக்கம் கிடக்கின்றன. அதாவது சின்னத்தில் இருக்கும் இடங்களில் ஒன்றுகூட இன்றைய நாட்டுக்குள் இல்லை.

இதற்குக் காரணம் இருக்கிறது. வியன்னாவில் பெரிய செல்வாக்கோடு இருந்த குடும்பம் இது, புனித ரோமப் பேரரசரின் சபையில் ஆசனம் வேண்டுமென்றால் பேரரசருக்கு நேரடியாகக் கீழ்ப்பட்ட நிலம் கையில் இருக்கவேண்டும், அதற்காகவே 1699இல் ஷெல்லன்பெர்க்கையும் 1712இல் இன்று தலைநகராக இருக்கும் வாடூஸையும் காசு கொடுத்து வாங்கினார்கள். 1719இல் பேரரசர் ஆறாம் சார்ள்ஸ் இரண்டையும் சேர்த்து ஒரு சிற்றரசாக்கி, குடும்பப் பெயரையே நாட்டுக்கு வைத்தார். வாங்கிய ஊரில் வந்து குடியேறியது 1938இல்தான், அதுவும் இரண்டாம் பிரான்ஸ் யோசெப் காலத்தில்.

கேள்வி: அவர்களின் தேசிய கீதம் இங்கிலாந்து மெட்டாமே? (பம்பலப்பிட்டி வாசகர்)

பதில்: அதே மெட்டுத்தான், எங்கள் தாத்தா பாட்டிமார் வெள்ளைக்காரன் காலத்தில் பள்ளிக்கூடத்தில் எழுந்து நின்று பாடிய அதே மெட்டு. 2003இல் இங்கிலாந்தும் லீக்டன்ஸ்டைனும் உதைபந்தாட்டத்தில் மோதியபோது ஒரே இசையை இரண்டு தடவை வாசிக்க வேண்டியிருந்தது. பாட்டு இளம் ரைன் நதிக்கரையில் என்று தொடங்கும். முன்பு அது ஜெர்மன் ரைன் நதி என்றிருந்தது, 1963இல் மாற்றிவிட்டார்கள். தேசிய கீதத்தில் கைவைக்கக்கூடாது என்று இங்கே சண்டை பிடிப்பவர்களுக்குச் சொல்கிறேன், எங்கள் கீதத்தின் முதல் அடியும் 1961இல் மாற்றப்பட்டதுதான். 2016 பெப்ரவரி 4ஆம் திகதி காலிமுகத்திடலில் ஸ்ரீ லங்கா தாயே என்று தமிழில் ஒலித்தது எத்தனை வருடத்துக்குப் பிறகு! அதைக் கேட்டதால் நாட்டில் எதுவும் குறைந்துவிடவில்லை. திரும்பவும் ஒவ்வொரு வருடமும் கேட்க வேண்டும் என்பது என் ஆசை.

கேள்வி: படை இருக்கிறதா? (தெஹிவளை வாசகர்)

பதில்: இல்லை, 1868இல் கலைத்துவிட்டார்கள். பொலிஸ் மட்டும்தான். நாணயம் சுவிஸ் பிராங்க், சுவிஸ் எல்லையில் சோதனைச்சாவடியும் கிடையாது, பூக்ஸ் ரயில் நிலையத்தில் இறங்கி பஸ் ஏறினால் ரைன் பாலம் தாண்டி வாடூஸ் வந்துவிடும். கடவுச்சீட்டில் ஞாபகத்துக்கு ஒரு முத்திரை வேண்டுமென்றால் சுற்றுலா அலுவலகத்தில் காசு கட்டிக் குத்திக்கொள்ளலாம்.

கேள்வி: இளவரசருக்குப் பெண்பிள்ளை மட்டும் என்றால் அவர் ஆட்சிக்கு வரலாமா? (வத்தளை வாசகி)

பதில்: வர முடியாது. வாரிசுரிமை குடும்பச் சட்டப்படி ஆண்வழிக்கு மட்டும்தான், பெண்களுக்கு எதிரான பாரபட்சங்களை ஒழிக்கும் ஐ.நா. உடன்படிக்கையில் சேர்ந்தபோதும் இந்த ஒன்றுக்கு விலக்கு எழுதித்தான் சேர்ந்தார்கள். அரச குடும்பத்தில் மட்டுமில்லை, அந்த நாட்டில் பெண்களுக்கு வாக்குரிமையே 1984இல்தான் கிடைத்தது. 1971இலும் 1973இலும் கேட்டு, வாக்களிக்கும் உரிமை இருந்த ஆண்கள் இரண்டு தடவையும் முடியாது என்றார்கள். மூன்றாம் தடவை 51 வீதத்துக்குச் சற்று மேலே போய் ஒருவாறு தப்பியது. இளவரசரையே கேள்வி கேட்கலாம் என்ற நாட்டில் பாதிச் சனத்துக்கு அதுவரை தேசிய அளவில் வாக்குரிமையே இருக்கவில்லை, மேலே நான் புகழ்ந்ததையெல்லாம் இதையும் வைத்துத்தான் நீங்கள் எடைபோட வேண்டும். இங்கே பெண்களுக்கு வாக்கு 1931இல் வந்துவிட்டது, 1932இல் கொழும்பு வடக்கில் நேசம் சரவணமுத்து என்ற தமிழ்ப் பெண் தேர்தலில் வென்று அரசாங்க சபைக்கே போய்விட்டார். வத்தளையில் இருந்து கொட்டாஞ்சேனைப் பக்கம் வரும்போது பிள்ளைகளுக்கு அவருடைய பெயரைச் சொல்லிக் கொடுங்கள்.