வாசகர் கேட்டவை: காப்பித் தோட்டத்தில் இரவுக் கேமரா

கேள்வி: தோட்டத்துக்கு இரவில் எந்த விலங்கு வருகிறது என்று பார்க்கத் தானியங்கி கேமரா கட்டினோம். ஒரே வாரத்தில் 1,400 படங்கள், எல்லாமே இலை. கேமரா பழுதா?
– வாசகர், ஏற்காடு

பதில்: பழுதில்லை. அந்தக் கேமராவுக்கு விலங்கு எது, இலை எது என்று தெரியாது. சுற்றுப்புறத்தைவிடச் சூடான ஒன்று எதிரே நகர்ந்தால் சென்சார் தூண்டப்படும், அவ்வளவுதான். வெயிலில் சூடேறிய மிளகுக்கொடி இலை காற்றில் ஆடினாலே போதும். எதிரே நாலைந்து மீட்டருக்குப் புல்லையும் தாழ்ந்த கிளைகளையும் கழித்துவிடுங்கள். கேமராவை வடக்கு நோக்கி வையுங்கள். கிழக்கு, மேற்கு என்றால் காலை மாலை வெயில் நேரே விழும். மெலிந்த சில்வர் ஓக்கில் கட்டினால் மரமே ஆடும். பருத்த மரமாகப் பாருங்கள்.

உயரத்தில்தான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். நெஞ்சளவில் கட்டினால் முள்ளம்பன்றி, மரநாய், முயல் எல்லாம் கீழேயே போய்விடும். 40 முதல் 50 செ.மீ. உயரம், தடத்திலிருந்து 3 மீட்டர். தடத்துக்கு நேர் குறுக்காக வைத்தால் வேகமாகப் போகிற விலங்கின் வால் மட்டும் விழும். சற்றுச் சாய்த்து வையுங்கள். காட்டுமாடு நடமாடும் தடமென்றால் உயரத்தைக் கூட்டுங்கள், உரசியே உடைத்துவிடும். கட்டியதும் தவழ்ந்து போய் ஒருமுறை சோதித்துப் பாருங்கள். தேதி, நேரம் சரியா என்றும் பாருங்கள். அது தவறினால் படமே பயனற்றது.

மூடுபனி இறங்கும் இரவில் படம் வெளுத்துத்தான் வரும். பனித்துளிகள் ஒளியைத் திருப்பி அடிப்பதே காரணம்.

கேள்வி: பூமா என்ற பெரிய பூனையின விலங்கை ஆராய்பவர்கள் கேமராப் படத்தை வைத்தே ஒவ்வொன்றையும் தனித்தனியாக அடையாளம் காண்கிறார்களாம். சிறுத்தையை அப்படிக் காண முடியுமா?
– வாசகி, அஸ்தம்பட்டி, சேலம்

பதில்: சிறுத்தையில்தான் அது எளிது. அமெரிக்கக் கண்டங்களில் வாழும் பூமாவுக்குக் குட்டிப் பருவத்தில் மட்டுமே புள்ளி உண்டு. வளர்ந்தால் உடல் ஒரே நிறம். காதுக் கிழிசல், தழும்பு, வால் வளைவு போன்றவற்றை நம்ப வேண்டியிருக்கிறது. பல இடங்களில் கழுத்துப்பட்டையும் மாட்டுகிறார்கள். சிறுத்தையின் புள்ளிகளோ நம் கைரேகை மாதிரி, ஒன்றுக்கு இருப்பது இன்னொன்றுக்கு இராது. இடப்பக்கமும் வலப்பக்கமும்கூட வேறுவேறு. ஆகவே தடத்தின் இருபுறமும் ஒவ்வொரு கேமரா வேண்டும். இரண்டையும் நேருக்கு நேர் வைக்காமல் சற்று விலக்கி வையுங்கள். ஒன்றின் ஒளி மற்றதன் படத்தைக் கெடுக்கும்.

இதெல்லாம் பட்டா நிலத்துக்கு. காப்புக்காட்டுக்குள் கட்ட வனத்துறை அனுமதி வேண்டும்.