டிஸ்க்கின் பூட்டை நீக்கியது அல்ல, காசு வாங்கியதுதான் சிக்கல்

கேள்வி: அசலாக வாங்கிய நூற்றுக்கும் மேற்பட்ட டிவிடி, ப்ளூ-ரே டிஸ்க்குகள் என்னிடம் உள்ளன. வெளிநாட்டிலிருந்து வந்த சில இங்குள்ள பிளேயரில் ஓடவே இல்லை. சில கீறல் விழுந்து நிற்கின்றன. வெறுத்துப்போய், பாதுகாப்பை நீக்கி எல்லாவற்றையும் ஹார்டு டிஸ்க்கில் ஏற்றினேன். குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் கேட்டவர்களுக்கும் சிறு தொகை வாங்கிக்கொண்டு செய்து கொடுத்தேன். இப்போது நஷ்டஈடு கேட்டு வக்கீல் நோட்டீஸ் வந்திருக்கிறது. காசு கொடுத்து வாங்கிய பொருள் எனக்குச் சொந்தமில்லையா? ஓடாத டிஸ்க்கை விற்றவர்கள் மீது நான் வழக்குப் போட முடியாதா?

பதில்: போடாதீர்கள். எந்தப் பகுதியின் பிளேயரில் ஓடும் என்று காட்டும் ரீஜன் குறி அட்டையிலேயே அச்சாகி வருகிறது. இந்தியாவுக்கு டிவிடியில் 5, ப்ளூ-ரேயில் சி. அதைப் பார்க்காமல் வாங்கிவிட்டுப் பொருளில் குறைபாடு என்று நுகர்வோர் ஆணையத்தில் நிற்பது கடினம். 2 ஆண்டுக் கெடுவும் தாண்டியிருக்கும். சொந்தம் என்பது தட்டுக்குத்தான், படத்துக்கு அல்ல.

உங்கள் கடிதத்தில் சட்டத்துக்கு வேண்டிய வரி ஒன்றுதான்: ‘சிறு தொகை வாங்கிக்கொண்டு’.

2012 திருத்தத்தில் பதிப்புரிமைச் சட்டத்துக்குள் வந்த 65ஏ பிரிவு, பூட்டை, அதாவது பிரதி எடுக்க விடாத பாதுகாப்பை, நீக்கிய எல்லோரையும் தண்டிப்பதில்லை. உரிமையை மீறும் நோக்கத்தோடு நீக்கியிருந்தால்தான் குற்றம். 2 ஆண்டு வரை சிறை, அபராதமும் உண்டு. (பூட்டைத் தொட்டாலே மீறல் என்று நீங்கள் எங்காவது படித்திருந்தால் அது அமெரிக்கச் சட்டம்.) சொந்த டிஸ்க்கை வீட்டில் பார்க்க ஒரு பிரதி எடுத்தது, 52(1)(ஏ) பிரிவின்படி தனிப்பட்ட பயன்பாடு என்று தைரியமாக வாதாடலாம். அசலை விற்றுவிட்டுப் பிரதியை வைத்திருந்தால் அந்த வாதம் ஆட்டம் காணும். ஆகவே ஓடாத டிஸ்க்கைக்கூட அட்டையோடு பத்திரப்படுத்துங்கள்.

மற்றவர்களுக்குச் செய்தது வேறு கணக்கு. சட்டம் தடை செய்யாத காரியத்துக்காக இன்னொருவருக்குப் பூட்டை நீக்க உதவலாம் என்று 65ஏ சொல்கிறது. ஆனால் அவர் பெயர், முகவரி, நோக்கம் எல்லாவற்றுக்கும் முழுப் பதிவு வைத்திருக்க வேண்டும். உங்களிடம் இருப்பது வாட்ஸ்அப் அரட்டை மட்டும். உங்கள் டிஸ்க்கிலிருந்து அடுத்த வீட்டுக்கு ஒரு பிரதி போயிருந்தாலும் நேராக 63ஆம் பிரிவு: 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். வியாபார லாபத்துக்காக இல்லையென்றால் அதற்கும் கீழே தண்டனையைக் குறைக்க நீதிமன்றத்துக்கு இடமுண்டு. நீங்கள் வாங்கிய தொகை அந்த வழியை அடைக்கப் பார்க்கும்.

65ஏ ஜாமீனில் விடக்கூடியது. 63 அப்படியல்ல, ஜாமீனில் விட முடியாத, போலீஸ் நேரடியாக வழக்குப் பதியக்கூடிய குற்றம் என்று 2022இல் நிட் புரோ வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 64ஆம் பிரிவில் சப்-இன்ஸ்பெக்டர் வாரண்ட் இல்லாமலேயே பிரதிகளையும் அவற்றை எடுத்த கருவியையும் கைப்பற்றலாம். குடும்பப் படங்களும் அலுவலகக் கோப்புகளும் அதே ஹார்டு டிஸ்க்கில்தானே இருக்கின்றன? திரும்பக் கேட்டு மாஜிஸ்திரேட்டிடம் மனுப்போட 15 நாள்தான்.

பலர் விழுகிற குழி நோட்டீஸுக்கு எழுதும் பதில். ‘லாபம் பார்க்கவில்லை, இருபது பேருக்குத்தான் கொடுத்தேன்’ என்று நியாயம் பேசுவார்கள். எதிர்த்தரப்புக்கு அதுதான் ஒப்புதல் வாக்குமூலம். அடுத்தது, இரவோடு இரவாகக் குழுச் செய்தியை அழித்து ஹார்டு டிஸ்க்கை ஃபார்மட் செய்வது. ஸ்கிரீன்ஷாட் யாரிடமாவது இருக்கும், யுபிஐ வரவு வங்கியில் இருக்கும். சாட்சியத்தை அழித்தவர் என்ற பெயர்தான் மிஞ்சும்.

சமாதானமாகப் போங்கள், எஃப்ஐஆர் விழும் முன். விழுந்த பிறகு உரிமையாளரே மன்னித்தாலும் வழக்கை ரத்து செய்ய உயர் நீதிமன்றம் போக வேண்டும். ஆனால் பணம் கொடுக்கும் முன், நோட்டீஸ் அனுப்பியவரிடம் படத்தின் உரிமைப் பத்திர நகலைக் கேளுங்கள். ஒரே படத்தின் சாட்டிலைட், வீடியோ, வெளிநாட்டு உரிமைகள் தனித்தனிக் கைகளில் இருக்கும்; சாட்டிலைட் உரிமை மட்டும் உள்ளவர் ‘இனி நடவடிக்கை இல்லை’ என்று எழுதித் தருவது, வீடியோ உரிமைக்காரரிடம் செல்லாது. படங்களின் பட்டியல், சிவில், கிரிமினல் இரண்டிலும் இனி நடவடிக்கை இல்லை என்ற உறுதி, உங்கள் தரப்பில் குற்றத்தை ஒப்புக்கொள்ளாத வாசகம் மூன்றும் ஒப்பந்தத்தில் வரட்டும். தொகையை உரிமையாளர் கணக்கில் செலுத்துங்கள், நோட்டீஸ் அனுப்பிய ஏஜென்சியிடம் அல்ல. அதுவரை குழுவில் இதைப் பற்றி ஒரு வரிகூட எழுதாதீர்கள்.