கரி அடுப்பில் முழு வான்கோழி: தோல் கரிகிறது, தொடை வேகவில்லை

டெக்சஸில் வசிக்கும் வாசகர் ஒருவர் கேட்கிறார்: "சென்ற ஆண்டு தேங்க்ஸ்கிவிங் அன்று, மூடியுள்ள 22 அங்குல வட்டக் கரி அடுப்பில் முழு வான்கோழியைச் சுட்டேன். தோல் கருகிவிட்டது, தொடையில் எலும்பருகே பச்சையாகவே இருந்தது. இம்முறை 13 பவுண்டுப் பறவை வாங்கப்போகிறேன். எங்கே தவறினேன்?"

தணலைப் பறவைக்கு நேர் கீழே பரப்பியிருப்பீர்கள் என்று எண்ணுகிறேன். கோழித் துண்டுகளுக்கு அது பொருந்தும். ஆறு கிலோ எடையுள்ள முழுப் பறவையிலோ, வெப்பம் தொடை எலும்பு வரை இறங்க இரண்டரை முதல் மூன்று மணி நேரம் ஆகும். அதற்குள், சொட்டும் கொழுப்பு தணலில் விழுந்து பற்றியெரிந்து தோலைக் கரித்துவிடும். எனவே கரியை அடுப்பின் இரு ஓரங்களிலும் குவித்து, நடுவே ஓர் அலுமினியத் தட்டில் சிறிது நீர் ஊற்றி வைத்து, அதற்கு மேலே வரும்படி பறவையைக் கம்பி வலையில் வையுங்கள். மூடியிட்ட அடுப்புக்குள் சுழலும் சூடான காற்றுதான் அதை வேகவைக்க வேண்டும்.

எலும்பருகே வேகாததற்கு உறைபனி முழுவதும் விலகாததும் காரணமாக இருக்கலாம். குளிர்பதனப் பெட்டியின் கீழ்த்தட்டில், 4 டிகிரி செல்சியஸில், நான்கைந்து பவுண்டுக்கு ஒரு நாள் என்பது கணக்கு. தேங்க்ஸ்கிவிங் வியாழக்கிழமையில்தான் வரும்; அன்று சுடுவதற்கு ஞாயிறு மாலையே உறைபெட்டியிலிருந்து எடுத்து வைத்துவிடுங்கள். புதன் இரவு, வயிற்றினுள் இருக்கும் ஈரல், கழுத்துப் பொட்டலத்தை மறவாமல் எடுத்துவிட்டு, தோலை நன்கு துடைத்து உப்புத் தடவி, குளிர்பதனப் பெட்டியிலேயே மூடாமல் வையுங்கள். தோல் உலர்ந்தால்தான் மொறுமொறுப்பாகும். உறையில் உப்புநீர் சேர்க்கப்பட்டதாக அச்சிட்டிருந்தால் உப்புத் தடவ வேண்டாம். வயிற்றுக்குள் பூரணம் அடைப்பதையும் தவிருங்கள்; அது வெந்து முடிவதற்குள் கறி வறண்டுபோகும்.

கரி வெண்ணிறமாக நீறு பூத்த பிறகே பறவையை ஏற்ற வேண்டும். அடுப்பினுள் 165 முதல் 175 டிகிரி செல்சியஸ் வரை நிற்கட்டும். முக்கால் மணிக்கொரு முறை ஒவ்வோர் ஓரத்திலும் ஏழெட்டுக் கரித்துண்டுகள் சேர்த்தால் போதும். இடையில் பார்க்கும் ஆவலில் மூடியைத் திறந்தால், ஒவ்வொரு முறையும் வெப்பம் சரிந்து நேரம் நீளும். சூட்டைக் குறைக்கக் கீழ்த்துளைகளைச் சற்று அடையுங்கள், மேல்துளையை அடைக்காதீர்கள். அடைத்தால் புகை உள்ளேயே தேங்கிக் கறி கசக்கும். மழை பெய்தாலும் அடுப்பைக் கார் கொட்டகைக்குள் கொண்டுபோகவே கூடாது. கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை, அது உயிரைப் பறிக்கும்.

வெந்துவிட்டதா என்பதை நிறத்தையோ கடிகாரத்தையோ கொண்டு முடிவு செய்யாதீர்கள். புகையில் வெந்த கறியில் தோலை ஒட்டி இளஞ்சிவப்பு வளையம் தோன்றும். அது வேகாததன் அறிகுறி அன்று. இறைச்சி வெப்பமானியின் ஊசியைத் தொடையும் உடலும் சேரும் மடிப்பில், தொடையின் உட்புறமாக, எலும்பில் படாதவாறு ஆழச் செலுத்துங்கள். எலும்பில் பட்டால் காட்டும் அளவு தவறாகிவிடும். அங்கும், நெஞ்சுக்கறியின் தடித்த பகுதியிலும், சிறகு மூட்டிலும் 74 டிகிரி காட்ட வேண்டும். நெஞ்சு முதலில் வெந்து வறண்டுவிடுவதே வழக்கம் என்பதால், அடுப்பில் ஏற்றுவதற்கு முன் அரை மணி நேரம் நெஞ்சின் மேல் மட்டும் பனிக்கட்டிப் பையை வைப்பேன். வேகுவதில் தொடை அந்த அளவுக்கு முந்திக்கொள்ளும்.

இறக்கியதும் கத்தி வைக்காமல் இருபது, முப்பது நிமிடம் ஆறவிடுங்கள்; முதலில் தொடைகளைப் பிரித்தெடுத்துவிட்டால் நெஞ்சை அறுப்பது எளிது.