கடன் முதலா, வைப்பு முதலா?

அன்புள்ள ஐயா,

சேலத்தில் முதுகலைப் பொருளியல் படிக்கிறேன். மக்கள் போடும் பணத்தில் ஒரு பகுதியை இருப்பாக வைத்துக்கொண்டு மீதியை வங்கி கடனாகக் கொடுக்கிறது என்று வகுப்பில் படித்தோம். வங்கியில் பணியாற்றும் என் சித்தப்பாவோ நடைமுறை அப்படி இல்லை என்கிறார். எதை நம்பிப் படிப்பது?

ஒரு மாணவி

அன்புள்ள மாணவிக்கு,

உங்கள் சித்தப்பா சொல்வதே சரி. செவ்வாய்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருப்பவருக்கு 10 லட்சம் ரூபாய் கடன் அனுமதியாகிறது என்று கொள்வோம். அன்று வங்கியின் கணக்கில் இரண்டு பதிவுகள் விழுகின்றன: அவர் திருப்பித் தரவேண்டிய கடன் சொத்துப் பக்கத்திலும், அவருடைய நடப்புக் கணக்கில் வரவான தொகை பொறுப்புப் பக்கத்திலும். வேறு எவருடைய கணக்கிலும் ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை. அந்த வைப்பு கடனோடு சேர்ந்தே பிறந்தது. பிரிட்டனின் மத்திய வங்கியான பாங்க் ஆஃப் இங்கிலாந்து 2014-இல் தன் காலாண்டிதழில் இதை வெளிப்படையாகவே எழுதியது.

அதற்காக வங்கி விருப்பம்போல் கடன் எழுதிக்கொண்டே போக முடியாது. கடனுக்கு ஏற்பச் சொந்த முதல் வைத்திருக்கவேண்டும் என்ற மூலதன விதிகள் ஒருபுறம் இருக்க, பட்டறைக்காரருக்கு வெள்ளிக் கட்டி விற்ற வியாபாரியின் கணக்கு வேறொரு வங்கியில் இருந்தால், ரிசர்வ் வங்கியில் தனக்குள்ள இருப்பிலிருந்து அந்தத் தொகையை இவ்வங்கி செலுத்தியாக வேண்டும். இருப்பு குறைந்தால் சந்தையிலோ ரிசர்வ் வங்கியிடமோ குறுகிய காலக் கடன் வாங்கவேண்டும். வங்கிகள் வைப்புக்கு அலைவதும் இதனால்தான். 2016-இல் அமைக்கப்பட்ட, ஆறு உறுப்பினர் கொண்ட, ரிசர்வ் வங்கியின் பணவியல் கொள்கைக் குழு ரெப்போ விகிதத்தின் (வங்கிகளுக்குத் தரும் குறுகிய காலக் கடனுக்கு ரிசர்வ் வங்கி வாங்கும் வட்டி) வழியாகத் தீர்மானிப்பது அந்தக் குறுகிய காலப் பணத்தின் விலையை; பணத்தின் அளவை அல்ல. இருப்பு விகிதத்தைக் கொண்டு வைப்பு எத்தனை மடங்காகும் என்று கணக்கிடும் பணப் பெருக்கிச் சூத்திரத்தைத் தேர்வில் எழுதிவிடுங்கள், மதிப்பெண் அதற்குத்தான். ஆனால் அதைக் காரண காரியமாக நம்பவேண்டாம்.

பாடத்தில் அதிகம் பேசப்படாத இன்னொன்றும் உண்டு. குறு, சிறு தொழில்களுக்கு வங்கிகள் மாறும் வட்டியில் தரும் புதிய கடன்கள் 2019 அக்டோபர் 1 முதல் ரெப்போ போன்ற வெளி அளவுகோலோடு இணைக்கப்பட்டுள்ளன. ஆகவே பட்டறைக்காரரின் தவணையை மும்பையில் அந்தக் குழு எடுக்கும் முடிவு தொடுகிறது. அவரிடம் கூலிக்கு வேலை செய்பவர் தெருவில் இரண்டு ரூபாய் வட்டிக்கு வாங்கினால், அது மாதத்துக்கு நூற்றுக்கு இரண்டு, ஆண்டுக்கு 24 சதவீதம். ரெப்போ கால் சதவீதம் இறங்கியதால் அந்த வட்டி இறங்கி நான் பார்த்ததில்லை. ஆய்வேட்டுக்குத் தலைப்புத் தேடுகிறீர்கள் என்றால், சேலத்துப் பட்டறைகளின் கடனில் வங்கியின் பங்கு எவ்வளவு, கைமாற்று வட்டியின் பங்கு எவ்வளவு என்று நேரில் கேட்டுத் தொகுக்கலாம்.