சாக்லேட் தோய்த்த மிட்டாய்: கட்டிதட்டாமல், பிசுபிசுக்காமல்

கேள்வி: போன கிறிஸ்துமஸுக்குப் பேரீச்சம்பழத்தையும் கடலை மிட்டாயையும் சாக்லேட்டில் தோய்த்து அக்கம்பக்கத்து வீடுகளுக்குக் கொடுக்க நினைத்தேன். சாதாரண சாக்லேட் பாரை வாங்கி, கொதிக்கும் தண்ணீரின் மேல் வைத்து உருக்கினேன். பாதியிலேயே மணல் மணலாகக் கட்டிதட்டிவிட்டது. இரண்டாம் தடவை உருகியது. ஆனால் ஃபிரிட்ஜில் வைத்து எடுத்ததும் வியர்த்து, கையில் ஒட்டி, மறுநாள் வெள்ளையாகப் பூத்துவிட்டது. ஓவன், தெர்மாமீட்டர் எதுவும் என்னிடம் இல்லை. இந்த வருஷம் இருபது வீட்டுக்குச் செய்ய வேண்டும். எளிய வழி உண்டா?
– ஒரு வாசகி, தூத்துக்குடி

பதில்: உண்டு. உங்கள் தொல்லையில் பாதிக்கு மேல் தண்ணீரால் வந்தது. சாக்லேட் என்பது கொழுப்பில் மிதக்கும் கோகோவும் சர்க்கரைத் தூளும்தான். அதில் நாலு சொட்டு ஈரம் பட்டாலே சர்க்கரைத் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டி இறுகிவிடும். முதல் தடவை ஆவி அந்த வேலையைச் செய்தது. இரண்டாம் தடவை, குளிர்ந்த சாக்லேட்டின் மேல் உங்கள் ஊர்க் கடற்காற்றின் ஈரம் படிந்து, மேலிருந்த சர்க்கரையைக் கரைத்தது. அது காய்ந்ததும் வெள்ளையாகத் தெரிந்தது. பூஞ்சை என்று பயந்து தூக்கிப் போட்டிருந்தால், பாவம், வீண்தான்.

கையில் ஒட்டியதற்கு இன்னொரு காரணமும் உண்டு. சாக்லேட்டில் இருக்கும் கோகோ வெண்ணெய் ஆறு விதமாக உறையக்கூடியது. பளபளப்பும், 'டக்'கென்று உடையும் தன்மையும் அதில் ஒரு விதத்துக்குத்தான்; 33, 34 டிகிரி வரை உருகாமல் தாங்குவதும் அதுதான். உருக்கிவிட்டுச் சும்மா ஆறவைத்தால் அந்த வடிவம் ஒழுங்காக அமையாது. மங்கலாக, மெதுமெதுவென்று இறுகும்.

இருபது வீட்டுக்கு என்றால் யோசிக்காமல் 'காம்பவுண்ட்' சாக்லேட் வாங்குங்கள். கேக் பொருள் விற்கும் கடைகளில் கட்டியாகக் கிடைக்கும். அதில் கோகோ வெண்ணெய்க்குப் பதில் தாவரக் கொழுப்பு இருப்பதால் இந்த வடிவத் தகராறு கிடையாது. உருக்கித் தோய்த்தால் தானே இறுகும். ருசி அசல் சாக்லேட்டைவிட ஒரு படி குறைவு என்பதை மறைக்க மாட்டேன். ஆனால் டார்க் காம்பவுண்டுக்குள் வறுத்த கடலையோ இஞ்சியோ இருந்தால் முக்கால்வாசிப் பேருக்கு வித்தியாசம் தெரியாது.

முப்பது சின்னத் துண்டுகளுக்கு 300 கிராம் எடுத்துக்கொள்ளுங்கள். பொடியாக நறுக்குங்கள். ஒரு பாத்திரத்தில் கால் பங்கு தண்ணீரைக் கொதிக்கவிட்டு, அடுப்பை அணைத்துவிடுங்கள். அதன் வாயை முழுதாக அடைக்கும் அகலக் கிண்ணத்தில் சாக்லேட்டைப் போட்டு மேலே வையுங்கள். கிண்ணத்தின் அடி தண்ணீரைத் தொடக் கூடாது. கிண்ணம், கரண்டி, கை எல்லாம் ஈரமே இல்லாமல் காய்ந்திருக்க வேண்டும். முக்கால்வாசி உருகியதும் இறக்கி, அடியிலிருக்கும் ஈரத்தைத் துடைத்துவிட்டுக் கிளறினால் மீதி தானே உருகும். கெட்டியாக இருந்தால் ஒரு டீஸ்பூன் தேங்காய் எண்ணெய் விடலாம். வெண்ணெய் வேண்டாம், அதிலும் ஆறில் ஒரு பங்கு தண்ணீர்தான். வெனிலா எசன்ஸும் தண்ணீரில் கரைத்த கலரும் இதே வினையைச் செய்யும்.

உருகியதைக் குறுகலான டம்ளரில் ஊற்றிக்கொண்டால் தோய்க்கச் சுலபம். முள்கரண்டியில் துண்டை ஏந்தி முக்கி, டம்ளர் விளிம்பில் இரண்டு தட்டுத் தட்டி, அடியை வழித்து, பட்டர் பேப்பரில் வையுங்கள். மேலே பிஸ்தாத் தூளோ கலர் சர்க்கரை முத்தோ தூவுவதென்றால் உடனே தூவுங்கள். தோய்க்கும் துண்டு ஃபிரிட்ஜிலிருந்து நேராக வரக் கூடாது. உள்ளே சூடேறி விரியும்போது மேல் ஓடு கீறிவிடும்.

எதைத் தோய்ப்பது? ஈரம் குறைந்தது எதுவும் சரி. கொட்டையை எடுத்துவிட்டு, உள்ளே வறுத்த பாதாம் வைத்த பேரீச்சை, கடலை மிட்டாய், இஞ்சி மரப்பா. பேரீச்சை பிசுபிசுப்பாக இருந்தால் ஒரு மணி நேரம் காற்றாடவிடுங்கள். உங்கள் ஊர் மக்ரூனின் அடிப்பாகத்தை மட்டும் டார்க் சாக்லேட்டில் தோய்த்துப் பாருங்கள்; அந்த முந்திரித் தித்திப்புக்குக் கசப்பு அவ்வளவு பொருத்தம். ஸ்ட்ராபெர்ரி, வாழைப்பழம் போன்றவை அன்றே தின்பதற்கு மட்டும்.

வீட்டாருக்கென்று ஒரு தட்டு அசல் சாக்லேட்டில் செய்ய ஆசையா? மூன்றில் இரண்டு பங்கை உருக்கி, அடுப்பை விட்டு இறக்கி, மீதியைப் பொடியாகப் போட்டுக் கிளறிக்கொண்டே இருங்கள். கொஞ்சம் எடுத்துக் கீழுதட்டில் வைத்தால் லேசாகக் குளிர்ச்சியாக இருக்க வேண்டும். டார்க் சாக்லேட்டுக்கு வேண்டிய 31, 32 டிகிரி அதுதான். ஒரு காகிதத்தில் தடவி வையுங்கள்; ஐந்தாறு நிமிடத்தில் பளபளப்பாக இறுகினால் தோய்க்க ஆரம்பிக்கலாம். இந்த வேலைக்கு ராத்திரிதான் நல்லது. ஊட்டியில் இது சுலபமாக வருவதற்கு அந்த ஊர்க் குளிர் ஒரு காரணம்.

இறுகியே தீர வேண்டுமென்றால் ஃபிரிட்ஜில் பத்து நிமிடம், மூடிய டப்பாவில். வெளியே எடுத்தபின் அறைச் சூட்டுக்கு வரும்வரை டப்பாவைத் திறக்காதீர்கள். அப்புறம், மசாலா டப்பா பக்கத்தில் வைக்க வேண்டாம், சாக்லேட் வாசனையை இழுத்துக்கொள்ளும். கொடுக்கும் பொட்டலத்தில் கடலை, பாதாம் இருப்பதை எழுதிவிடுங்கள்; சிலருக்கு ஒத்துக்கொள்ளாது.

இவ்வளவுக்கும் மேல் ஒரு கிண்ணம் கட்டிதட்டிவிட்டால், சூடான பாலைக் கரண்டி கரண்டியாக விட்டுக் கிளறுங்கள், தளர்ந்துவிடும். தோய்க்க உதவாது, கேக் மேல் ஊற்றிக்கொள்ளலாம்.